நடக்கும் வேகத்தில் ஓட்டிப் பார்த்து வாங்கிய கார்

துபாயில் இருந்த வருஷங்கள் முழுக்க நான் ஓட்டியது ஆட்டோமேட்டிக்தான். அங்கே லைசென்ஸுக்குப் பதியும்போதே எந்த வகை வண்டி என்று கேட்டுவிடுவார்கள். ஆட்டோமேட்டிக்கில் டெஸ்ட் கொடுத்தால் லைசென்ஸிலும் அப்படியே போட்டுவிடுவார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கோயம்புத்தூரில் ஒரு மாருதி 800-இல் பழகி வாங்கிய நம்மூர் லைசென்ஸ் பீரோவில் பத்திரமாக இருந்தது. ஆனால் அன்று கியர், கிளட்ச் என்று பழகியதில் பாதிக்கு மேல் மறந்துபோயிருந்தது.

ஊர் திரும்பிய பிறகுதான் சிக்கல் புரிந்தது. மாமனார் தோட்டம் பொள்ளாச்சிப் பக்கம். அங்கே நிற்பது பழைய பொலிரோ. கொழுந்தனாரிடம் டீசல் ஸ்விஃப்ட். அம்மா வீட்டில் தம்பி வைத்திருப்பதும் கியர் வண்டிதான். தேங்காய் லோடு ஏற்ற லாரி வந்து நிற்கும், பொலிரோ வழியை மறித்துக்கொண்டிருக்கும், வீட்டில் ஆம்பிளைகள் யாரும் இருக்க மாட்டார்கள். லாரிக்காரரிடமே சாவியைக் கொடுத்து நகர்த்தச் சொல்ல வேண்டியதுதான்.

“ஏஎம்டி ஒண்ணு வாங்கிக்கோ, முடிஞ்சுது” என்று எல்லோரும் சொன்னார்கள். கியர் தானாக மாறும் வண்டிதான் ஏஎம்டி. தப்பான யோசனை இல்லை. 2014-இல் செலேரியோ வந்ததிலிருந்து கிளட்ச் பெடல் இல்லாத சின்ன வண்டிகள் செகண்ட் ஹேண்டிலும் தாராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் அதை வாங்கினால் என் வண்டியை நான் ஓட்டுவேன், அவ்வளவுதான். பொலிரோ அங்கேயேதான் நிற்கும். யார் வீட்டு வண்டியாக இருந்தாலும் சாவியை வாங்கி எடுத்துப் போக வேண்டும் என்பது என் ஆசை.

முதலில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். எடுத்த எடுப்பிலேயே வண்டி ஆஃப் ஆகாமல் நகர்ந்தது. பரவாயில்லையே, கால் மறக்கவில்லை போல என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு நாள் சிக்னலில் கிளட்சைச் சற்று வேகமாக விட்டபோது, என் பெடல் தானாகவே ஒரு விரல்கடை உள்ளே போனது. பக்கத்து சீட்டில் இருந்த மாஸ்டரின் கால் அவர் பக்கத்துக் கிளட்சின் மேலேயே இருந்திருக்கிறது. அவரைக் குறை சொல்வதற்கில்லை. விடியற்காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள் ஏறும் வண்டி, எல்லோரும் நடுரோட்டில் ஆஃப் பண்ணினால் அவர் பிழைப்பு என்ன ஆவது? ரோட்டுக்குப் பழக டிரைவிங் ஸ்கூல் நல்ல இடம். கண்ணாடி பார்ப்பது, லேன் மாறுவது, பஸ்ஸுக்குப் பின்னால் பதறாமல் நிற்பது எல்லாம் அங்கே வந்துவிடும். கிளட்சுக்கு மட்டும், பக்கத்தில் யாருக்கும் பெடல் இல்லாத வண்டி வேண்டும். அதுவும் இடித்தால் வயிறு எரியாத விலையில் வேண்டும்.

பட்ஜெட் இரண்டரை லட்சம். இதில் கால்வாசியை வண்டி விலையில் சேர்க்கவே கூடாது என்று முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட்டேன். பழைய வண்டி வீட்டுக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு செலவு வைக்கும். அந்தக் காசைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிறவருக்கும், மொத்தத்தையும் வண்டிக்கே கொடுத்துவிட்டு நிற்கிறவருக்கும் பேரம் பேசும்போதே வித்தியாசம் தெரியும்.

யோசனை சொல்ல ஆளா இல்லை? “அம்பாசிடர்ல பழகிட்டா ஆகாசத்துல போற பிளேனையும் ஓட்டலாம் அம்மணி” என்றார் மாமனார். அவர் காலத்தில் சரி. அம்பாசிடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. இன்று ஒன்றை வாங்கினால் ஓட்டிப் பழகுவதை விட ஒர்க் ஷாப் வாசலில் டீ குடிக்கத்தான் நேரம் இருக்கும்.

கொழுந்தனார் டீசல் கட்சி. “டீசல்ல இழுவை இருக்கும் அண்ணி, சும்மா சும்மா ஆஃப் ஆகாது.” நிறையப் பேர் இதைத்தான் சொல்கிறார்கள். பழைய இரண்டரை லிட்டர் பொலிரோவுக்கு அது பொருந்தும். கிளட்சைக் கண்டபடி விட்டாலும் முக்கி முனகி நகர்ந்துவிடும். ஸ்விஃப்ட், ரிட்ஸ், டிசையரில் வந்த 1.3 லிட்டர் டீசல் வேறு ஜாதி. 2000 ஆர்பிஎம் தாண்டி டர்போ எழுந்திருக்கும் வரை அதில் பெரிய இழுவை கிடையாது. ஸ்பீடு பிரேக்கரில் இரண்டாம் கியரில் அசந்தால் அப்படியே நின்றுவிடும். போதாததற்கு, விலை மலிவாக வரும் டீசல்கள் பெரும்பாலும் ஒரு லட்சம் கிலோமீட்டரை எப்போதோ தாண்டியவை. இன்ஜெக்டரோ டர்போவோ போனால் வண்டி விலையில் ஒரு நல்ல பங்கு அதற்கே போய்விடும். பழகுவதற்குச் சின்ன பெட்ரோல் இன்ஜின்தான் சரி என்று நினைக்கிறேன். கிளட்சைத் தப்பாக விட்டால் அந்த நொடியே ஆஃப் ஆகும், சரியாக விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். பூசி மெழுகுகிற வேலையெல்லாம் அதனிடம் கிடையாது.

கேஸ் மாட்டிய வண்டிகளையும் ஒதுக்கினேன். எல்பிஜி, சிஎன்ஜி எதுவானாலும் இழுவை கொஞ்சம் குறையும். கிட் மாட்டியதை ஆர்சி புக்கில் (பதிவுச் சான்றில்) ஏற்றாமலே விற்பவர்களும் உண்டு.

மிச்சம் நின்றவை ஆல்டோ, வேகன் ஆர், சான்ட்ரோ ஜிங், ஐ10. நானோவை எட்டிப் பார்த்தேன். இன்ஜின் பின்னால் இருக்கிற இரண்டு சிலிண்டர் வண்டியில் பழகிவிட்டுப் பொலிரோவில் ஏறினால் எல்லாமே மாறித் தெரியும் என்று விட்டுவிட்டேன். ஆல்டோவுக்கு உதிரி பாகம் கிடைக்காத ஊர் இல்லை. ஒன்றரை மீட்டர் அகலம்தான், எந்தச் சந்திலும் நுழையும். ஆனால் 800 சிசி இன்ஜினில் ஏசியைப் போட்டதும் கிளம்புகிற இழுவை குறைவதைக் காலிலேயே உணரலாம். ஸ்டாண்டர்ட் மாடலில் பவர் ஸ்டீயரிங்கும் கிடையாது, விளம்பரத்தில் அதைச் சொல்லவும் மாட்டார்கள். சான்ட்ரோவின் நாலு சிலிண்டர் இன்ஜின் ஓட்டுவதற்கு இதமானது. அது நின்றுபோனது 2014 கடைசியில் என்பதால், நல்ல நிலையில் கிடைப்பது அதிர்ஷ்டம். ஐ10-இல் கியர் ராடு டேஷ்போர்டில் இருப்பதால் கைக்கு எட்டின இடத்தில் இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் கேட்ட விலை கட்டவில்லை. கடைசியில் மனசு வேகன் ஆர் பக்கம் சாய்ந்தது. 2010-க்குப் பிறகு வந்த 998 சிசி கே சீரிஸ் இன்ஜின். உயரமான சீட், பெரிய கண்ணாடி. பானெட் எங்கே முடிகிறது என்று எக்கிப் பார்க்காமலே தெரியும்.

ஏர்பேக் விஷயத்தைச் சொல்லாமல் போகக் கூடாது. இந்த வயதுள்ள வண்டிகளில் பெரும்பாலும் ஏர்பேக்கும் இருக்காது, சடன் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸும் இருக்காது. புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக்கும் பின்பக்க பார்க்கிங் சென்சாரும் அந்த ஜூலையில். இன்னும் ஒரு லட்சம் போட முடிந்தவர்கள் அதற்குப் பிறகு வந்த வண்டியாகப் பார்ப்பது நல்லது. என்னால் முடியவில்லை. அதனால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இந்த வண்டியில் பைபாஸ் ஏறுவதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துகொண்டோம்.

இனி வாங்கப் போன கதை. பழைய கார் விற்கும் எந்தக் கன்சல்டிங்குக்குப் போனாலும், ஓட்டிப் பார்க்கலாமா என்றதும் ஒரு பையன் சாவியோடு வந்து நேரே எல் அண்ட் டி பைபாஸுக்குக் கூட்டிப் போவான். நாலாவது கியர், எண்பது கிலோமீட்டர். “பாருங்க மேடம், ஸ்டீயரிங் ஆடுதா? சத்தம் வருதா? பட்டு மாதிரி போகும்ங்க.” போகும்தான். ரோட்டில் ஏறிவிட்ட வண்டி நாலாவது கியரில் நன்றாகப் போவதில் அதிசயம் இல்லை. கிளட்சும் கியரும் தங்கள் குறையைக் காட்டுவது வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதும், ஆள் நடக்கும் வேகத்தில் ஊரும்போதும்தான். பழகப் போகிறவர் முதல் சில மாதங்களை அந்த வேகத்தில்தான் கழிக்கப் போகிறார். அதனால் நான் எல்லா இடத்திலும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன்: “பைபாஸ் வேண்டாம் தம்பி, பின்னாடி சந்துக்குப் போலாம்.” சிலர் முகம் அப்போதே மாறிவிடும்.

போவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டில் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் பண்ணி வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடுவது, ஒழுங்காக நிற்கிறதா என்பது தெரியும்.

சமதளத்தில், ஏசியை அணைத்துவிட்டு, முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் கிளட்சை மெதுவாக விடுங்கள். நல்ல நிலையில் இருக்கும் பெட்ரோல் வண்டி தானாகவே நகரும். இன்ஜின் தடுமாறும்போது ஐடிலிங்கைத் தாங்கிப் பிடிக்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது. நகரும்போது வண்டி மொத்தமும் உதறினால் கிளட்ச் பிளேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம், அல்லது இன்ஜின் மவுண்டிங் போயிருக்கலாம். நன்றாக நகர்ந்தால் இரண்டாம் கியரிலும் அப்படியே ஊர விடுங்கள். பிறகு ஏசியைப் போட்டு இன்னொரு தடவை.

அடுத்து, கிளட்ச் பிடிக்கும் இடம். பெடலை முழுக்க மிதித்து விடும்போது எந்த உயரத்தில் வண்டி அசைகிறது என்று பாருங்கள். நடுவில் பிடித்தால் நல்லது. கேபிள் கிளட்ச் உள்ள இந்தச் சின்ன வண்டிகளில், கால் முழுக்க மேலே வந்த பிறகுதான் பிடிக்கிறது என்றால் பிளேட் தேய்ந்திருக்கிறது. தரையோடு தரையாகப் பிடித்தால் கிளட்ச் முழுசாக விலகவில்லை. ரிவர்ஸ் போடும்போது கரகரவென்று சத்தம் வரும். பெடலே கல் மாதிரி கனத்தால் கேபிளுக்கோ, கிளட்ச் பிளேட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டுக்கோ வயசாகிவிட்டது.

ஸ்லிப் ஆகிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாம் கியர் போட்டு, கிளட்சை மெல்ல விட வேண்டும். இன்ஜின் உடனே ஆஃப் ஆக வேண்டும். ஆஃப் ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. இதை ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அடுத்தவர் வண்டி.

சத்தத்தையும் கேளுங்கள். நியூட்ரலில் நிறுத்தி, கிளட்சை மிதித்தால் சத்தம் வந்து, விட்டால் நின்றால், கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் போயிருக்கிறது. அது கிளட்ச் செட்டோடு மாறிவிடும், பயமில்லை. இதற்கு நேர்மாறாக, கிளட்சை விட்டிருக்கும்போது வந்த சத்தம் மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸுக்குள் பேரிங் போயிருக்க வாய்ப்பு அதிகம். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது கடித்தால் உள்ளே கியர் கடிக்காமல் சேர உதவும் சின்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் போயிருந்தால் பேரம் பேசலாம், கியர் பாக்ஸ் போயிருந்தால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடலாம்.

ஹேண்ட் பிரேக்கை யாரும் சோதிப்பதில்லை. மேம்பால ஏற்றத்தில் நியூட்ரலில் நிறுத்தி, கால் பிரேக்கை விட்டுப் பாருங்கள். பின்னால் ஒரு அங்குலம்கூட நழுவக் கூடாது. பழகுகிறவருக்கு மேட்டில் இதுதான் துணை.

பார்த்த வண்டிகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று சென்னைப் பதிவெண் போட்ட ஆல்டோ. பெயின்ட் பளபளப்பு, சீட் கவர் புதுசு, விலை சந்தையை விட நன்றாகவே குறைவு. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் வெளியே இழுத்துப் பார்த்தேன். சாதாரணமாக யாரும் இழுக்காத அந்த அடிப்பகுதியில், குறுக்காக ஒரு செம்மண் நிறக் கோடு. சீட்டுக்குக் கீழே, அது முன்பின் நகரும் தண்டவாளம் முழுக்கத் துரு. ஸ்டெப்னியைத் தூக்கினால் காய்ந்த வண்டல். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் தண்ணீரில் நின்ற கார்கள் எல்லாம் காயலான் கடைக்கா போயிருக்கும்? இன்ஜினைச் சரி செய்துவிடலாம். வயரிங்குக்குள் போன ஈரம் எப்போது வேலையைக் காட்டும் என்று யாரும் சொல்ல முடியாது.

இன்னொன்றில் இடது பக்க சீட்டின் கால் வைக்கும் இடத்தில் விரித்திருந்த மேட்டைத் தூக்கியதும், போல்ட் மாட்டியிருந்த ஓட்டைகளை எம்சீல் வைத்து அடைத்திருந்தது தெரிந்தது. டிரைவிங் ஸ்கூல் வண்டி. இரண்டாவது செட் பெடலைக் கழற்றிவிட்டு “டீச்சர் ஓட்டின வண்டிங்க, சிங்கிள் ஓனர்” என்று விற்கிறார்கள். டீச்சர் ஓட்டியது என்பதும் ஒரு வகையில் பொய்யில்லை.

நான் வாங்கியது 2012 வேகன் ஆர், எல்எக்ஸ்ஐ. ஒரு ரிட்டயர்டு தம்பதியிடமிருந்து நேராக வாங்கினேன். இடது கதவில் நீளமாக ஒரு கீறல், பின் பம்பரில் ஒரு அமுக்கு. இரண்டையும் டிங்கரிங் பண்ணித் தருகிறேன் என்றார் அந்த ஐயா. அப்படியே இருக்கட்டும், அதற்கான காசைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏற்கெனவே கீறல் இருக்கிற வண்டியில் முதல் கீறல் பயம் கிடையாது. கியர்கள் வெண்ணெயாக விழுந்தன. கிளட்ச் மட்டும் கால் கடைசிக்கு வந்த பிறகே பிடித்தது. மூன்றாம் கியர் சோதனையில் ஒரு மூச்சு தாமதித்துத்தான் ஆஃப் ஆனது. கிளட்ச் மாற்ற என் மெக்கானிக் அண்ணன் சொன்ன தொகையை அப்படியே விலையில் கழித்துப் பேசினேன். அந்த ஐயாவும் வாக்குவாதம் பண்ணவில்லை.

இங்கேதான் மெக்கானிக்குக்கும் எனக்கும் வழக்கு வந்தது. “இப்ப எதுக்குங்க்கா புதுசு? பழகுற வரைக்கும் இந்தப் பிளேட்டையே ஓட்டுங்க. எப்படியும் தேய்க்கத்தான் போறீங்க. தேஞ்சு முடிஞ்சதும் மாத்திக்கலாம்” என்றார். பெரும்பாலான மெக்கானிக்குகள் இதைத்தான் சொல்வார்கள், காசுக் கணக்கில் நியாயமும் கூட. ஆனால் தேய்ந்த கிளட்சில் பழகினால், கால் அந்தத் தப்பான உயரத்தைத்தான் மனப்பாடம் செய்யும். கடைசி இஞ்சில் பிடிக்கும் என்று நம்பிக் கால் வேகமாக மேலே வரும். அதே காலோடு பொலிரோவில் ஏறினால் முதல் சிக்னலிலேயே குதித்து ஆஃப் ஆகும். வழுக்குகிற பிளேட்டோ நாம் செய்யும் தப்பையெல்லாம் பொறுத்துக்கொள்ளும், டிரைவிங் ஸ்கூல் மாஸ்டரின் கால் செய்த வேலையை அது செய்யும். எனக்குப் புதுசு வேண்டும் என்று நின்றேன்.

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், கேபிள் எல்லாம் சேர்த்து, கூலியோடு ஏழாயிரம் சொச்சம் ஆனது. பிளேட்டை மட்டும் மாற்றிக் காசை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். எதை மாற்றுவதானாலும் கியர் பாக்ஸை இறக்கியாக வேண்டும். கூலி ஒன்றுதான். இறக்கினபோதே பின்பக்க ஆயில் சீல் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கேபிளை முறுக்கி, பெடல் பாதி உயரத்தில் பிடிக்கும்படி வைத்துக் கொடுத்தார் மெக்கானிக். வண்டியை எடுத்துக்கொண்டு அவர் தெருவைத் தாண்டுவதற்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தது.

பேப்பர் வேலையில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விட்டுவிடவும் கூடாது. எம்பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டால் எத்தனையாவது ஓனர், ஃபைனான்ஸ் பாக்கி இருக்கிறதா, இன்சூரன்ஸ் எதுவரை என்பது தெரிந்துவிடும். ஹெச்பி, அதாவது வண்டி மேல் கடன் பதிவு, இருந்தால் பேங்க் தரும் தடையில்லாச் சான்றான என்ஓசியும் ஃபாரம் 35-உம் கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கு ஃபாரம் 29, 30. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்ல வேண்டும். பழைய ஓனரின் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. உங்கள் லைசென்ஸ் தேதியையும் பாருங்கள். காலாவதியாகி ஒரு வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி டெஸ்ட் கொடுக்க வேண்டும். முக்கியமாக, வண்டியின் வயதைப் பதிவு தேதியிலிருந்து எண்ணுங்கள். சொந்த உபயோக காருக்கு ஆர்சி 15 வருஷம். அது முடிந்ததும் எஃப்சி எனும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டி ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணமே 2022-லிருந்து ஐயாயிரமாக உயர்ந்துவிட்டது. பசுமை வரி, எஃப்சிக்கு முன் செய்ய வேண்டிய பழுது எல்லாம் தனி. எண்பதாயிரத்துக்குக் கிடைக்கிற வண்டி உண்மையில் எவ்வளவு என்று இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பழகிய இடம் சரவணம்பட்டியைத் தாண்டி ஒரு லே-அவுட். சைட் போட்டு, தார் ரோடும் போட்டு, வீடு மட்டும் எழும்பாத இடங்கள் நம் ஊரைச் சுற்றி எத்தனையோ. வெள்ளைக் கல்லையும் ஆட்டையும் தவிர இடிக்க ஒன்றுமில்லை. வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். அங்கே ஆக்ஸிலரேட்டரைத் தொடவே இல்லை. கிளட்சை விட்டு நகர்வது, மிதித்து நிற்பது, திரும்ப நகர்வது. சலிப்பான வேலைதான். ஆனால் ஆக்ஸிலரேட்டர் இல்லாமல் வண்டியை நகர்த்தத் தெரிந்துவிட்டால், பிளேட் கருகும் வாடையே வராது. புதிதாகப் பழகுகிறவர்கள் கிளட்சை எரிப்பதெல்லாம் பயத்தில் இன்ஜினை உறுமவிட்டு பாதிக் கிளட்சில் நிற்பதால்தான். அந்த வாடை வந்தால் ஓரம் கட்டி, ஆறவிட்டுப் பிறகு கிளம்புங்கள். பாட்டா செருப்பு மாதிரி தொளதொளப்பானது வேண்டாம். அடி மெல்லிசான ஷூ போட்டால் பெடல் எங்கே பிடிக்கிறது என்று பாதத்துக்குத் தெரியும்.

கிளட்சை விட என்னைப் படுத்தியது கைதான். துபாயில் வண்டி வலது பக்கம் போகும், ஸ்டீயரிங் இடது பக்கம், இண்டிகேட்டர் இடது கைக்கு. இங்கே எல்லாம் தலைகீழ். சுட்டெரிக்கிற வெயிலில் ஒவ்வொரு திருப்பத்திலும் என் வண்டியின் வைப்பர் வறட் வறட்டென்று ஓடும். பின்னால் வரும் ஸ்கூட்டர்க்காரர்கள் மேலே பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார்கள். ஆட்டோமேட்டிக் பழக்கத்தில், நிற்கும்போது பிரேக்கை மட்டும் மிதித்துக் கிளட்சை மறப்பதும் நடக்கும். அதற்கு மருந்து வண்டியே கொடுத்துவிடும், டொக்கென்று ஆஃப் ஆகி.

லே-அவுட்டை விட்டு வெளியே வந்ததும் ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ரயில்வே மேம்பாலங்களுக்குப் போனேன். ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கிளட்சை அது பிடிக்கும் இடம் வரை விட்டு, பானெட் லேசாக மேலே எழுவதைப் பார்த்த பிறகு ஹேண்ட் பிரேக்கை இறக்குவது. வேகன் ஆரில் உட்கார்ந்தபடியே அந்தப் பானெட் எழுவது தெரியும். பின் கண்ணாடியில் அப்போதே ஒரு சிவப்பு ‘எல்’ ஒட்டிவிட்டேன். லைசென்ஸ் இருக்கிறவருக்கு அது தேவையே இல்லை, வீட்டுக்காரர் சிரித்தார். ஆனால் அதை ஒட்டிய பிறகு மேம்பாலத்தில் பின்னால் நிற்பவர்கள் ஒரு கார் நீளம் தள்ளியே நிற்கிறார்கள். டவுன் பஸ் டிரைவர்கள்கூட.

மலைக்கு முதல் தடவை குன்னூர் ரோட்டை விட்டுவிட்டு, மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ரோட்டில் ஏறினோம். அதில் கொண்டை ஊசி வளைவுகள் குறைவு, போக்குவரத்தும் குறைவு. நீலகிரிக்கு இப்போது இ-பாஸ் வேண்டும், முதல் நாளே எடுத்துவிடுங்கள். ஏறும்போது வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிட வேண்டும், வளைவின் நடுவில் கியர் தேடக் கூடாது. மேலே ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பதும் இப்போது நமக்குச் சாதகம். இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிற ஆட்களை இன்னமும் பார்க்கிறேன். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் அவர்களுக்கு என்ன மிச்சமாகும்?

பொலிரோவை இப்போது நானே நகர்த்துகிறேன். ஆனைமலை சந்தைக்கும் எடுத்துப் போயிருக்கிறேன். அதன் கிளட்ச் கனம், கியர் ராடு நீளம், ஆனால் ஒரு தெரு தாண்டுவதற்குள் கால் அதற்குத் தக்கபடி மாறிக்கொள்கிறது. கொழுந்தனாரின் டீசல் ஸ்விஃப்ட் மட்டும் ஸ்பீடு பிரேக்கரில் என்னிடம் எப்போதாவது ஆஃப் ஆகிவிடும். அவரிடமும்தான் ஆகிறது.

வேகன் ஆரின் ஆர்சி 2027 வரை இருக்கிறது. அதற்குள் விற்றுவிடலாம் என்பது திட்டம். கொழுந்தனார் மகளுக்குப் பதினெட்டு முடிகிறது, எல்எல்ஆர் போட்ட அன்றே சாவி வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். கொடுப்பதற்கு முன்னால் டயர் மாற்ற வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் நாலு இலக்க எண்ணைப் பார்த்தேன், நான்கிலும் 3118, அதாவது 2018-இன் 31-ஆவது வாரம். பட்டன் ஆழம் இன்னும் இருக்கிறது, அப்படியே ஓட்டலாமே என்கிறார் அவள் அப்பா. ரப்பர் ஓரத்தில் வெடிப்பு விட்டிருப்பதைப் போன வாரம்தான் குனிந்து காட்டினேன்.